என் பக்கம் பார்த்த மீட்டர்

எங்கள் வண்டிக்கு மாமா மீட்டர் மாட்டிய கதையை வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வருஷம் என் முழு லீவும் அதில்தான் போனது.

நைனா சதுரங்கப்பட்டினம் கரையில் மீன் ஏற்றி செங்கல்பட்டு மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவார். பழைய டீசல் பிக்கப். அதற்கு முன்னால் ஊரான் வண்டியை ஓட்டி ஊரானிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் என்பதால், சொந்த வண்டியை யாராவது குறை சொன்னால் அவருக்கு ஆகாது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. கேட்டால் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். "மீட்டரு இங்க கீது."

அந்தக் காது அவரை ஏமாற்றிவிட்டது. பங்குனி வெயிலில் நடு ரோட்டில் ரேடியேட்டர் குழாய் கிழிந்து தண்ணீர் முழுக்கக் கொட்டியிருக்கிறது. இஞ்சின் டக் டக்கென்று தட்டத் தொடங்கியதும் நிறுத்தியிருக்க வேண்டியவர், புகை வந்த பிறகுதான் நிறுத்தினார். இஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பெட்டி பெட்டியாக மீன் நாறிப்போனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செங்கல்பட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். அவர்தான் எங்கள் வாசலில் நின்று நைனாவிடம் சொன்னார். "இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா வண்டிய எடைக்குத்தான் போடணும் மாமா. மீட்டர் மாட்டிடலாம்."

"அப்புறம் நானு? திரும்ப எவன் வண்டிக்காவது போய் நிக்கறதா?" என்றார் நைனா.

"அதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மூன்று மீட்டர்களோடு வந்தார். ஒன்று இஞ்சின் சூட்டுக்கு, ஒன்று ஆயில் பிரஷருக்கு, ஒன்று கியர் பாக்ஸ் ஆயில் சூட்டுக்கு. வண்டிக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸ் ஆயிலைப் பிளாஸ்டிக் டப்பில் வடித்தார். அடைப்பானைக் கழற்றிவிட்டு, சூட்டை அளக்க ஒயர் வைத்த வேறு அடைப்பானைத் திருகி, ஆயிலைத் திரும்ப ஊற்றினார். இஞ்சின் பக்கத்திலிருந்து ஒயர்களை ஒரு ஓட்டை வழியாக உள்ளே இழுத்தார். நைனா பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நொட்டை சொன்னார்.

தகராறு மீட்டரை வைக்கும் இடத்தில் வந்தது. டிரைவர் பக்கம் ஒரே ஒரு இடம்தான் தோது. அந்த இடத்தில் திருப்போரூர் முருகர் படம் இருந்தது. முந்தின நாள் வரை கண்ணாடிக்கு மேலே நடுவில் இருந்த படம் அது. அன்று விடிந்ததும் அம்மாதான் பிய்த்து இங்கே ஒட்டினாள். நான் பார்த்தேன். சாமிக்கு வெயில் படுகிறது என்று சொன்னாள். நானும் நம்பினேன்.

மாமா படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு ஸ்க்ரூ போட்டு மூன்று மீட்டரையும் இடப் பக்கம் மாட்டினார். மூன்றும் பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாடா இது, மூஞ்ச அந்தாண்ட திருப்பி வெச்சிக்கிற?" என்றார் நைனா.

"இந்தாண்ட சாமி கீது மாமா."

"சாமிய நவுத்துடா."

"முருகர் மேல கைய வெச்சா நான் பொல்லாதவளா ஆயிடுவேன்" என்றாள் அம்மா.

"அப்ப நான் எப்பிடி பாக்கறது? ஒட்டகம் மாதிரி கழுத்த நீட்டிக்கினு ஓட்டட்டா?"

"நீ ரோட்டப் பாரு. மீட்டர பாப்பா பாக்கும். பள்ளிக்கூடம் இருந்தா நான் வந்து பாக்கறேன்" என்றாள் அம்மா.

என்னை யாரும் கேட்கவில்லை. மே மாதம் பெரிய போட்டுகளுக்குத் தடை. ஆனால் எங்கள் கரையில் ஃபைபர் போட்டுகள் போகும். அதனால் நைனாவுக்கு லோடு உண்டு, எனக்கு லீவு இல்லை. மற்ற பிள்ளைகள் டச்சுக் கோட்டைச் சுவரில் ஏறி விளையாடும்போது நான் ஐஸ் தண்ணீர் நாற்றத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனாவோடு போவதும் சுகமில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைப்பான், இவர் ஒதுங்கமாட்டார். திமிர் என்று நினைத்தேன். நான் ஒன்று கேட்டால் பதில் வராது. என்மேல் கோபம் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் கல்பாக்கம் தாண்டியதும் கியர் பாக்ஸ் முள் ஏறத் தொடங்கியது. "நைனா, முள்ளு ஏறுது" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் தொடையில் ஓங்கி அறைந்தேன்.

வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். மாமா திருகிய அடைப்பானைச் சுற்றி ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பல் சக்கரம் எல்லாம் பொடியாகியிருக்கும். நைனா மறுபடி ஏறி உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எதுனா சத்தம் கேட்டுச்சா உனுக்கு?"

"கேட்டுச்சே. ஊய்ங்னு."

"எப்பலேந்து?"

"ரொம்ப நேரமா. உனுக்குத்தான் தெரியும்னு வுட்டுட்டேன்."

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் காது மடலை லேசாகப் பிடித்து ஆட்டினார். வலிக்கவில்லை. முன்கூட்டியே சொல்லாததற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா பைக்கில் வந்து அடைப்பானை முறுக்கி, ஆயில் ஊற்றினார். தப்பு தன்னுடையது என்பதால் முகம் செத்துப்போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மாமா, மீட்டர உன் பக்கமே திருப்பிடட்டா? ரெண்டு ஸ்க்ரூதான். யக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. நாளையிலிருந்து கோட்டைக்குப் போகலாம்.

நைனா மூன்று மீட்டரையும் பார்த்தார். அவர் பெட்டியிலேயே ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அந்த வண்டியில் அவர் கழற்றி மாட்டாத ஸ்க்ரூ கிடையாது.

"வாணாம்டா" என்றார். "கீற எடத்துலயே இருக்கட்டும். கொயந்தைக்கு பயகிடுச்சி."

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு மீட்டரைப் பார்க்கத் துப்பில்லையா, என் லீவுதான் கிடைத்ததா என்று இருந்தது. செங்கல்பட்டு வரும் வரை நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். நைனா அடிக்கடி, "பாப்பா, முள்ளு எங்க நிக்கிது?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.