பென்சில்வேனியாவும் நாலாம் லைன் பஸ்ஸும்

போன வாரம் எங்கள் வீட்டு சோபாவுக்கு மேலுறை ஒட்ட ஒருவர் வந்தார். பாகாயத்தில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருப்பவர்தான். ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திருகினார். பசை வாசனை வீடு முழுக்கப் பரவியது. என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினான். எனக்குப் பென்சில்வேனியா ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள். அந்த ஊரை நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த அமெரிக்க மாநிலத்தின் எந்த மூலையில் யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசியவள் நான். என் சொந்த வார்டு கவுன்சிலர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

படிப்பு முடிந்ததும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆர்டர் செக்‌ஷனில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலைப் படித்து உள்ளே சொல்ல வேண்டும். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பவுடர் பூசி வெளியே சொல்ல வேண்டும். இதுதான் வேலை. தோல் இன்னும் பதனிடுகிற டேனரியை விட்டே கிளம்பவில்லை என்பதை "சரக்கு தயாரிப்பில் இருக்கிறது" என்று இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவளுக்கு அங்கே நல்ல மரியாதை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. சாயந்திரம் வீடு திரும்பும்போது துப்பட்டாவெல்லாம் சொல்யூஷன் வாசனை அடிக்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "எந்த ஷூ கம்பெனிம்மா?" என்று நேராகவே கேட்பார்கள்.

எனக்கு மேலே நயீம் பாய். ஆர்டர் செக்‌ஷனுக்கு மேனேஜர். தோலைத் தடவிப் பார்த்தே ஆடா மாடா, எந்த டேனரி என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மட்டும் ஒரு விரலால் தொடுவார், சுடும் என்பதுபோல. எங்கள் அறைக்குக் கீழேதான் தையல் பகுதி. அதில் நாலாம் லைன் முழுக்க ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனிக்காக ஓடியது. விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்த கனமான பூட்ஸ். தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலை செய்பவர்கள் போடுவது. அந்தக் கம்பெனியின் ஆபீஸ் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அங்கிருந்து எங்களிடம் பேசுகிறவர் டான். எந்த மெயிலையும் அங்கே பெய்யும் பனியைப் பற்றி நாலு வரி எழுதாமல் அனுப்பமாட்டார். வெயிலில் வெந்துகொண்டே அதைப் படிப்போம்.

ஒரு நாள் பனியைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் டானிடமிருந்து மெயில் வந்தது. அங்கே ஜனாதிபதித் தேர்தல் வருகிறது; நிற்கிற இருவரில் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் வரியை ஏற்றப்போவதாகச் சொல்கிறார்; அதனால் அடுத்த வருஷத்துப் பூட்ஸ் ஆர்டரை முடிவு தெரிந்த பிறகுதான் உறுதி செய்ய முடியும். அதுவரை ஒரு தோலைக்கூட வெட்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். எங்கள் ஆபீஸில் அந்த வேட்பாளருக்கு அன்றைக்கே "வரிக்காரர்" என்று பெயர் வைத்தாகிவிட்டது. எதிரே நிற்பவர் வெறும் "இன்னொருத்தர்."

"யாரு ஜெயிப்பாங்கன்னு உன் போன்ல பாத்து சொல்லும்மா" என்றார் பாய், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

படித்துப் பார்த்தேன். பெரும்பாலான மாநிலங்களில் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயமாம். ஆறேழு மாநிலங்கள்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருக்கும். அதில் பெரியது பென்சில்வேனியா. அங்கே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உண்டான மொத்த இடங்களும் ஜெயித்தவருக்கே போய்விடும். இதைச் சொன்னதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. தோல் வெட்ட அளவு வைக்கிற பேட்டர்ன் அட்டையில் உபயோகமில்லாத ஒன்றைத் திருப்பிப் போட்டு, "வரைம்மா அந்த ஊர" என்றார்.

வரைந்தேன். பூட்ஸ் நாக்குக்கு வெட்டின அட்டை அது. அதற்குள் ஒரு மாநிலம் அடங்கியது. இரண்டு முனையிலும் இரண்டு பெரிய நகரம், அங்கே இன்னொருத்தருக்குச் செல்வாக்கு. நடுவில் மலையும் பண்ணையும் மூடிப்போன இரும்பு ஆலைகளும். அங்கே வரிக்காரருக்கு. வரி போட்டால் மூடிய ஆலை திறக்கும் என்று நம்புகிறவர்கள். நிலத்துக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் யார் வருகிறார் என்பது வயிற்றுப் பிரச்சினை. தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரு பக்கம் நிற்க, உறுப்பினர்கள் பாதிப்பேர் மறுபக்கம் போய்விட்டார்கள். பெரிய நகரத்தை ஒட்டிய புறநகரில் இருக்கிற பெண்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அவர்தான் ஜெயிப்பார் என்றும் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். இதற்கெல்லாம் மேலே பெட்ரோல் விலை, முட்டை விலை.

"முட்டையா?" என்றார் பாய். "அப்ப நம்மூரு தான்."

ஆனால் கருத்துக்கணிப்பு எதையும் அவர் நம்பவில்லை. அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு ஆர்டரோடும் டான் ஒரு சைஸ் லிஸ்ட் அனுப்புவார். ஆண்கள் சைஸில் எத்தனை ஜோடி, பெண்கள் சைஸில் எத்தனை ஜோடி என்று. பழைய லிஸ்ட்டையெல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார். முன்பெல்லாம் அகலமான ஆம்பளைக் கால்தான். வருஷா வருஷம் பெண்கள் சைஸ் ஏறிக்கொண்டே வந்திருந்தது.

"பாத்தியா. ஆம்பளைங்க ஆலை மூடிச்சு. டவுனைச் சுத்தி கிடங்கு கட்டியிருக்கான், அதுல பொம்பளைங்க வேலைக்குப் போறாங்க. அவங்க ஓட்டு இன்னொருத்தருக்குத்தான். நம்ம ஆர்டர் வரும்."

பூட்ஸ் சைஸை வைத்து அமெரிக்க ஜனாதிபதியைச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன். டிகிரி படித்தவள் அல்லவா.

இந்தத் தேர்தல் என்னைவிடவும் பாயைவிடவும் மரகதக்காவுக்குத்தான் முக்கியம். மரகதக்கா நாலாம் லைன் சூப்பர்வைசர். மாதனூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம் அவருக்கு. அந்த லைனில் முப்பத்திரண்டு பேர் அதே ஊர்ப் பெண்கள். அவர்களுக்காக மட்டும் ஒரு கம்பெனி பஸ் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி ஊருக்குள் போய் வந்தது. காலையில் ஊர் மதகுச் சுவரின் மேல் சாப்பாட்டுப் பைகள் வந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். பை வைத்த வரிசைதான் பஸ்ஸில் ஏறும் வரிசை. யாரும் மாற்றி வைக்கமாட்டார்கள். அந்தப் பைகளை வைத்தே யார் இன்னும் வரவில்லை என்று மரகதக்கா கண்டுபிடித்து, வீட்டு வாசலில் போய்க் குரல் கொடுப்பார்.

அத்தனை பேரையும் வேலைக்குக் கொண்டுவந்தது அவர்தான். மாமியார்களிடமும் புருஷன்களிடமும் போய் நின்று, "ஊர் மதகுல பஸ் ஏறுவா, ஊர் மதகுல எறங்குவா, நடுவுல நான் இருக்கேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸை நம்பித்தான் அந்த வாக்கு. முப்பது பேருக்குக் குறைந்தால் பஸ் ஊருக்குள் திரும்பாது என்பது கம்பெனி வைத்த விதி. நாலாம் லைன் நின்றால் பஸ்ஸும் நிற்கும்.

அந்தச் சமயம் பார்த்து ராணிப்பேட்டைக்கு அப்பால் புதிதாக ஒரு கம்பெனி திறந்தார்கள். அங்கேயே தங்கி வேலை பார்க்க ஹாஸ்டல் உண்டு. கல்யாணமாகாத பெண்களாகக் கேட்டு ஊருக்கு வேன் அனுப்பினார்கள். மரகதக்காவின் முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பெண்கள் தயாராக இருந்தார்கள். "நம்ம ஆர்டர் வந்துடும், கொஞ்சம் இருங்கடி" என்று இவர் பிடித்து வைத்திருந்தார். வேன் கடைசியாக வரும் நாளும் அமெரிக்காவில் ஓட்டு எண்ணும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அவர்களுக்கு ராத்திரி, நமக்குப் பகல். காலையில் ஆபீஸுக்கு வந்ததிலிருந்து போனை விட்டு நான் கண் எடுக்கவில்லை. பாய் டேனரிக்குத் தோல் பார்க்கப் போயிருந்தார். பென்சில்வேனியாவில் வரிக்காரர் லட்சக்கணக்கில் முந்திக்கொண்டிருந்தார். பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பொறும்மா. டான் மெயில் வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மரகதக்கா படியேறி வந்தார். கழுத்தில் டேப், கையில் திறக்காத சாப்பாட்டுப் பை.

"இன்னாம்மா, உன் அமெரிக்கா இன்னா சொல்லுது?"

"வரிக்காரர் ரொம்ப முந்திட்டாருக்கா."

"தபால் ஓட்டு எண்ணிட்டாங்களா?"

தன் ஊர் எலெக்‌ஷனில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர் அவர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். பதில் சொல்ல நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அது மொதல்லயே முடிஞ்சிருக்கும்க்கா. தபால் ஓட்டத்தானே முதல்ல எண்ணுவாங்க. இனிமே மாறாது."

நம் ஊரில் அப்படித்தானே. காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, அப்புறம்தான் மெஷின். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். முடிவு தெரிய சில நாள் ஆகலாம் என்று டான் ஒரு மெயிலில் எழுதித்தான் இருந்தார். அமெரிக்காக்காரனுக்கு ஓட்டு எண்ண நாள் கணக்காகுமா என்று அதை நான் பொருட்படுத்தவே இல்லை.

மரகதக்கா ஜன்னல் வழியாகக் கீழே தன் லைனைப் பார்த்தார். "பாய் இன்னா சொல்றாரு?"

"பாய் பொறுக்கச் சொல்றாரு. அவருக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

"அப்ப அந்தப் பொண்ணுங்கள நான் நிறுத்தி வெக்கறது பாவம்" என்றார். "அனுப்பிடறேன்."

சாயந்திரம் ஒன்பது பேரும் வேன் ஏறிவிட்டார்கள்.

பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலைக்கு முன்னால் தபால் உறையைப் பிரிக்கவே கூடாதாம். அதனால் மெஷின் ஓட்டு முதலில் எண்ணி முடிந்துவிடும். தபால் ஓட்டு பின்னாலிருந்து, மூட்டை மூட்டையாக, பெரிய நகரங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அடுத்த நாள் வித்தியாசம் பாதியானது. அதற்கடுத்த நாள் இன்னும் கரைந்தது. மூன்றாம் நாள் இன்னொருத்தர் முந்தினார். அப்புறம் இறங்கவே இல்லை. ஜெயிக்க வைத்தவர்கள் புறநகர்ப் பெண்கள் என்று எழுதினார்கள். பாயின் சைஸ் லிஸ்ட் ஜெயித்துவிட்டது.

டானின் மெயில் வந்தது. வெட்டத் தொடங்கலாம், போன வருஷத்தைவிட ஜாஸ்தி என்று. கூடவே பனியைப் பற்றி நாலு வரி. கீழே கட்டிங் பகுதியில் கை தட்டினார்கள். நான் கை தட்டாமல் மரகதக்காவைத் தேடிப் படியிறங்கினேன்.

ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தோம். அங்கே சேர்ந்து கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஹாஸ்டலும் பிடித்துப்போய்விட்டது. ஊரில் இருபத்துமூன்று பேர்தான் மிச்சம். லைனில் காலியான இடத்தை ஆம்பூர் டவுன் பெண்களை வைத்து நிரப்பினார்கள். பஸ் செக்‌ஷனில் நானே போய்க் கெஞ்சினேன். பாயும் வந்து பேசினார். "முப்பது பேர் இல்லியே மேடம், மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார்கள். மாமியார்கள் மெயின் ரோடு வரை அனுப்பச் சம்மதிக்கவில்லை. ஊர் மதகு என்றுதானே வாக்கு. ஒவ்வொருத்தராக வேலைக்கு வராமல் நின்றுகொண்டார்கள். மரகதக்கா மட்டும் சில மாதம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். தன் ஊர்ப் பெண் ஒருத்திகூட இல்லாத லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தார். அப்புறம் அவரும் நின்றுவிட்டார்.

போகும்போதுகூட ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ தெரிஞ்சதத்தானே சொன்ன" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்த ஆர்டரும் ரொம்ப நாள் ஓடவில்லை. எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில், டானின் கம்பெனியை வேறு ஒருவர் வாங்கிவிட்டார் என்று இரண்டு வரி மெயிலோடு முடிந்துபோனது. நாலாம் லைன் இருந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களாம். பாய் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பேட்டர்ன் அட்டையை நான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

சில மாதத்துக்கு முன் மரகதக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மறக்காமல் பத்திரிகை அனுப்பியிருந்தார். சாப்பிட்டுக் கிளம்பியபோது வழியனுப்ப மதகுவரை வந்தார். சுவரில் ஏதோ சிமென்ட் விளம்பரம் எழுதியிருந்தது. பஸ் திரும்பின இடத்தில் முள்ளுச்செடி மண்டிக்கிடந்தது. அந்த ஒன்பது பெண்களும் நன்றாக இருக்கிறார்களாம், இரண்டு பேர் அங்கேயே சூப்பர்வைசர் ஆகிவிட்டார்களாம். "இங்க இருந்தவளுங்கதான் ஊட்லயே கெடக்கறாளுங்க" என்றார். ஆட்டோ வர நேரமாயிற்று. மதகுச் சுவரின் மேல் என் கைப்பையை வைத்தேன். ஒரே ஒரு பை.

"ஏம்மா, அமெரிக்காவுல திரும்ப எலெக்‌ஷன் நடந்துச்சாமே. உன் பென்சில்வேனியாவுல இந்த வாட்டி யாரு?"

"தெரியலக்கா" என்றேன்.

தெரியும். எண்ணி முடிக்கும் வரை போனை விட்டுக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.