தொட்டியில் எண்ணிய மூச்சு

எங்கள் மாடியறையில் குடியிருப்பவர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். நீந்துவதற்குக் கால்களில் துடுப்புபோல அலுமினியத் தட்டு கட்டி மூழ்கி, கடல் அட்டை எடுத்தவர். அந்த உயிரினம் அழிகிறதென்று அரசு போட்ட தடையை மீறி வழக்கில் சிக்கியதும், இங்கே ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் அடிக்கும் பகுதிக்கு வேலைக்கு வந்தார்.

“தடைய எடுத்துருவாங்க சார். மூச்சடக்குற பழக்கத்த விட்டுறக் கூடாது” என்று, தினமும் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்குவார். தண்ணீர் அழுக்காகிறதே என்று முணுமுணுத்தபடியே நான் வினாடிகளை எண்ணுவேன். முதல் மாதம் நூற்றுப் பத்து.

“அட்டையே இல்லாமல் போனால் எதை எடுப்பீர்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுவும் நெசந்தான். எங்கப்பா முட்டளவுத் தண்ணியில பொறுக்குனாரு. நான் ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்துக்கு எறங்குனேன். ஆனா புள்ளைகளுக்குச் சோறு போட்டது அதுதானே சார்?”

இரண்டு வருஷத்தில் பெயிண்ட் நெடியில் இருமல் பிடித்தது. எண்ணிக்கை எண்பதானது, பிறகு அறுபது. போன வாரம் முப்பத்தெட்டிலேயே தலையை எடுத்து, மூச்சிரைக்க, “எவ்வளவு சார்?” என்றார்.

“தொண்ணூறு” என்றேன்.

தலையைத் துவட்டியபடி என்னையே பார்த்தார். “எண்ணிக்கையில தப்பு விடாத ஆளாச்சே நீங்க” என்றார்.

மறுநாளிலிருந்து தொட்டிப் பக்கம் வரவில்லை.