அத்தையின் மூன்றாம் வருடம்

எங்கள் அத்தை படித்த பாப்டிஸ்ட் கல்லூரியை மூடியவர்கள், மூடுவதற்கு ஒரு நன்றிக் கூட்டம் வைத்தார்கள். அதில் பாடுவதற்கு ஒன்பது வயதுப் பெண்ணான என்னையும் தெருப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தினார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

குமணன்சாவடிக்குப் பின்னால் ஒரு பழைய அரிசி மண்டியில்தான் அந்தக் கல்லூரி தொடங்கியது. பிறகு பக்கத்திலேயே சொந்தக் கட்டடம் எழும்பியது. தொழிற்சாலை வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் அப்பாவும் தெரு ஆண்களும் போய் அஸ்திவாரம் வெட்டினார்கள். அம்மா மணல் சுமந்தாள். யாரும் கூலி கேட்கவில்லை. பிரின்சிபால் ஐயா சைக்கிளில் வீடு வீடாக வந்து, பெண்பிள்ளைகளையும் அனுப்பச் சொன்னார். வயல்வேலையில் முதுகு வளைந்துபோன தாத்தா தயங்கியபோது, பாதியில் கைவிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அப்பாவின் தங்கை எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் ஆனது அப்படித்தான். முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சரித்திரத்தோடு பைபிள் வசனங்களையும் மனப்பாடம் செய்வாள். தாத்தா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இரண்டாம் வருடப் பரீட்சை எழுதி முடித்த வாரம், கல்லூரி இனி நடக்காது என்றார்கள். காரணம் கேட்டவர்களுக்கு, மேலே முடிவாகிவிட்டது என்பதுதான் பதில்.

கூட்டம் ஜெபக்கூடத்தில் நடந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டியின்மேல் பலகை போட்டு, எங்களை ஏற்றிவிட்டிருந்தார்கள். பட்டணத்திலிருந்து காரில் வந்த, கல்லூரியை நடத்திய கமிட்டியின் பெரியவர், கல்லூரி தன் ஊழியத்தை நிறைவாக முடித்துவிட்டது, இது கர்த்தரின் சித்தம் என்று பேசினார். பிரின்சிபால் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தாள்.

"ஐயா, எங்களுக்கு இன்னும் ஒரு வருசம் பாக்கி கீது. அத்த முடிச்சிட்டு மூடக்கூடாதா?"

அவளுக்காக ஜெபிப்பதாகவும், அவளும் ஜெபிக்க வேண்டும் என்றும் பெரியவர் சிரித்தபடி சொன்னார்.

"ஜெபத்த நான் ஊட்லயே பண்ணிக்கிறேன் ஐயா. பாடம் யாரு நடத்துவாங்க?"

பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி, இன்னொரு பாட்டுப் பாடும்படி கையசைத்தார். பாடினோம். எல்லோரையும்விட உரக்கப் பாடியது நான்தான் என்று சொல்ல இன்று கூச்சமாக இருக்கிறது. பாட்டு முடியும்வரை அத்தை நின்றுகொண்டே இருந்தாள்.

வெளியே வந்து காருக்கு முன்னாலும் நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். பிரின்சிபால் ஐயா அருகே வந்து, வழிவிடும்படி மெல்லக் கேட்டுக்கொண்டார்.

"நீங்கதானே எங்க நைனாவுக்கு வாக்கு குட்த்தீங்க?" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு அத்தை ஒதுங்கிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாளே என்று எனக்கு ஒரே ஆத்திரம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்பா அவளைப் பட்டணத்துக் கல்லூரிகளுக்கு அழைத்துக்கொண்டு அலைந்தார். மூன்றாம் வருடத்தில் சேர்க்க முடியாது, வேண்டுமானால் முதலிலிருந்து படிக்கட்டும் என்றார்கள். அதற்கு வீட்டில் வழியில்லை. கல்லூரிக் கட்டடம் ஒரு கம்பெனியின் கிடங்காயிற்று. அஸ்திவாரம் வெட்டியவர்களையே கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தார்கள்.

அத்தை மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். எனக்குப் பெருமைதான், பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். ஆனால் சாயங்காலம் நான் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தால், அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். என் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே இன்னும் சத்தமாகப் படித்தேன்.