கரண்டிக்குப் பெயர் கேட்டவர்

ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் போய், இருபத்தைந்தில் கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தவள் நான். மருத்துவமனைகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. இங்கே என்னுடைய ஜேர்மன் மொழிக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. போன குளிர்காலத்தில்தான், ஜேர்மன் நடிகர் ஒருவருக்குத் தமிழ் வசனம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று ஒரு படக்குழு என்னைத் தேடி வந்தது.

அவரைப் பள்ளிக்கூடக் காலத்திலேயே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். மேடை நாடகத்தில் தொடங்கியவர். பிரெஞ்சுப் படங்களில் பிரெஞ்சுக்காரராகவும் இத்தாலியப் படங்களில் இத்தாலியராகவும் நடித்தார். தனக்கு வேறொருவர் குரல் கொடுக்க விட்டதே இல்லை. இடையில் ஓர் இசைக்குழுவில் அக்கோடியன் வாசித்தார். ஐம்பதைத் தாண்டியதும் படங்களையும் தானே இயக்கத் தொடங்கினார். இது மூன்றாவது. அகதிகள் வந்த கப்பலில் ஏறும் வைத்தியராக அவரே நடித்தார். அதில் பதினெட்டு வரி தமிழ்.

நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்றுக்குள் கப்பலின் உட்புறத்தைக் கட்டியிருந்தார்கள். வெளியே நின்ற ட்ரெய்லர் வண்டிக்குள் தினமும் காலையில் பாடம். அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. என்னைச் சொல்லச் சொல்லிவிட்டு, முதலில் அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் முணுமுணுப்பார். பிறகுதான் சொற்களை வைப்பார். மூன்றாம் நாள், கண்ணை மூடினால் எங்கள் ஊர் ஆள் ஒருவர் எதிரில் இருப்பது போலிருந்தது.

இரண்டாம் வாரம் ஒருநாள், கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இதற்கு என்ன பெயர்?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"கரண்டி," என்றேன்.

"தமிழில் இல்லை. ஜேர்மனில்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜேர்மன் சொல்லை, தமிழ் வரிகளைப் பழகுவது போலவே இரண்டு தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சு தெரியாத காரோட்டியிடம் பிரெஞ்சில் வழி சொன்னார். கதவுப் பிடியைத் தேடிய வலது கை ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. இடைவேளைகளில் வாசிக்கக் கொண்டுவந்திருந்த அக்கோடியனில் எப்போதும் ஒரே இடத்தில் விரல் தடுமாறியது. மூளையில் கட்டி வந்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவள் நான். பேனாவைக் காட்டி இது என்ன என்று வைத்தியர் கேட்பதையும், நல்ல படித்த மனிதர்கள் அதைப் பார்த்து விழிப்பதையும் கண்டிருக்கிறேன்.

ஒரு ஸ்கான் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஏதோ சரியில்லை என்று எனக்கும் தெரியும்," என்றார். "இன்னும் ஒன்பது நாள் வேலை இருக்கிறது. நான் நின்றால் படமும் நின்றுவிடும். யாரிடமும் சொல்லாதீர்கள்."

நான் தலையாட்டினேன்.

அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"நீர் நாளைக்கே அங்க ஆரிட்டையாவது சொல்லும்," என்றார்.

"சொல்லவேண்டாம் எண்டு கேட்டவர்."

"ஆஸ்பத்திரியில ஒருத்தர் உப்பிடிக் கேட்டால் பேசாமல் வருவீரோ?"

"அங்க நான் ஒண்டும் சொல்லுறேல்லை. மற்றாக்கள் சொல்லுறதைத்தான் மாத்திச் சொல்லுறன்."

படக்குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் முக்கியமான காட்சி. காய்ச்சலில் கிடக்கும் முதியவரிடம் வைத்தியர் குனிந்து, "பயப்பிடாதேங்கோ ஐயா, கரை வந்திட்டுது" என்று சொல்ல வேண்டும். முதியவராக நடித்தவர் யூனியன்வில்லிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர். முதல் தடவையிலேயே வசனம் அப்படியே வந்தது. கமராவை நிறுத்தினார்கள். இன்னொரு தரம் எடுப்போமா என்று உதவி இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, கரை வந்திட்டுது," என்றார் நடிகர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பனை செய்யும் பெண் தண்ணீர் நீட்டினாள். அவளிடமும் அதையே சொன்னார்.

படுத்திருந்த முதியவர் எழும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை, உவர் பகிடி விடேல்லை. கண்ணைப் பாரும். கெதியாப் போய்ப் பிடியும்."

நான் கிட்டப் போவதற்குள் நடிகர் வலது கால் மடிந்து விழுந்துவிட்டார். ஜேர்மனில் பேசினேன். அவருக்கு விளங்கியது. ஆனால் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் அந்தத் தமிழ்தான் வந்தது. தான் சொல்ல நினைப்பது அது இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஐந்து மொழி பேசியவர் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருத்துவமனையில் வைத்தியர், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். பிறகு, நான் கண்டதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். முதலில் எப்போது கவனித்தேன் என்று கேட்டார். பத்து நாளைக்கு முன் என்றேன். எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூளையில் கட்டி, அதற்குள் இரத்தம் கசிந்திருந்தது. அறுவைச் சிகிச்சையில் உயிர் தப்பினார். ஜேர்மன் மொழி பாதி திரும்பியது. மற்ற மொழிகள் வரவில்லை. படத்தை முடிக்க யாரும் முன்வராததால் களஞ்சியத்துக்குள் இருந்த கப்பலைப் பிரித்துவிட்டார்கள்.

அவரை ஜேர்மனிக்குக் கூட்டிப்போக அவருடைய அக்கா வந்திருந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொன்னார்: "நீங்கள்... சொல்லியிருக்கலாம்."

"எதை?" என்று கேட்டார் அக்கா. தம்பியைப் பார்த்தார், பிறகு என்னை. "எதைச் சொல்லியிருக்கலாம்?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது அக்கா எழுந்து போய், நான் வெளியே போவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.