மாவிளக்கும் ஒரு அட்டை மாத்திரையும்

மாரியம்மன் நோம்பி சாட்டி, கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால் எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு மாத்திரைக்கு மட்டும் தட்டுப்பாடு வந்துவிடும். காய்ச்சலுக்கானது அல்ல, மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதற்கானது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றபின், கோயம்புத்தூரில் தெரிந்தவர் கடையில் மாலை வேளைகளில் உட்காருகிறேன். பெண்கள் என் பக்கமாக வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த மாத்திரை இருக்குங்களா?" என்பார்கள். எந்த மாத்திரை என்று நான் கேட்பதில்லை. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பேன். காலில் இரத்தம் கட்டியதுண்டா, கல்லீரல் தொந்தரவு உண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, இதையெல்லாம் யாராவது விசாரித்தார்களா என்று கேட்பேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே கேள்வி கிடையாது. கள்ளச் சாராயத்தைப் போலச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த மாத்திரையை நான் முதலில் பார்த்தது பதினோரு வயதில், கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில். அம்மாவுக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு. அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. வெளிச்சம் வருவதற்குள் அம்மா தனியாகத் துணி துவைத்து முடித்துவிடுகிறாள், தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறாள், அப்பா முன்னால் இதைப் பேசக் கூடாது, இவ்வளவுதான் தெரியும். அப்பாவும் கேட்கமாட்டார். தென்னைக்குக் குருத்து வாடினால் மூன்று ஊருக்கு ஆள் அனுப்பி மருந்து கேட்கிறவர் அவர்.

கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பலதும் விசாரித்து, இரத்தம் எடுத்துச் சோதித்து, தினம் மூன்று வேளை விழுங்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நின்னுபோச்சேன்னு நடுவுல நீங்களா விட்டுப்போடாதீங்க. விட்டா முந்திக்கு மேல போகும். எப்ப நிறுத்தறதுன்னு நான் சொல்றேன்" என்றார். வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சம்பளமில்லாத அதிகாரம் அந்த வயதிலேயே எனக்குப் பிடித்திருந்தது.

சில நாட்களில் உதிரப்போக்கு நின்றது. அம்மா குடத்தை இறக்காமல் வீடுவரை கொண்டுவந்தாள். அந்தச் சமயத்தில்தான் நோம்பி சாட்டினார்கள். வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் பிறந்த பெண்ணும் வாழ வந்த பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் மாவிளக்கு எடுத்துப் போவது வழக்கம். அத்தைக்கோ நாள் கணக்கு மாவிளக்கு அன்றைக்கே வந்து நின்றது. ஊர் மருந்துக்கடைக்காரர் அப்பாவுக்குப் பங்காளி. அவரிடம் போய் இதைக் கேட்பதைவிட அத்தை கிணற்றில் குதித்திருப்பாள்.

அம்மா தன் அட்டையை எடுத்து நீட்டினாள். "நீங்க வெச்சுக்கங்க நங்கை. எனக்குத்தான் நின்னுபோச்சுங்களே." புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள்.

"உனக்கு வேண்டாமா அம்மணி?"

"இனி எதுக்குங்க!"

நான் சும்மா இருக்கவில்லை. அது அம்மாவுடைய மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாதென்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நிறுத்தினால் இரத்தம் கொட்டும் என்று உத்தரவு படிப்பதுபோல உரக்கச் சொன்னேன். அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவின் முகம் கறுத்துப்போனது. அத்தைதான் சிரித்தாள். "உன்ற புள்ள டாக்டருக்கே பாடம் எடுப்பா போல." அம்மா சிரிக்கவில்லை. "ஆம்பளைங்க இருக்கற எடத்துல பேசற பேச்சா கண்ணு இது?" என்றாள். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. அதன்பிறகு அந்த மாத்திரையின் பேச்சையே நான் எடுக்கவில்லை. இரண்டு பெண்களும் மாவு இடித்தார்கள், வெல்லம் தட்டினார்கள், சிரித்தார்கள்.

மாவிளக்கு அன்று கோயில் வாசலில் தப்பட்டை முழங்கியது. அம்மா அரக்குச் சேலையில், அத்தை மஞ்சள் சேலையில். கூட்டம் நெருக்கியபோது அம்மா தள்ளாடினாள். தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். கண் செருகித் தலை சாய்ந்தது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று ஒருவர் கத்தினார். தப்பட்டை வேகம் பிடித்தது. ஒருவர் கை கூப்பிக்கொண்டு முன்னால் வந்து, "ஏந் தாயி இன்னும் மழை இல்ல, சொல்லு!" என்றார். அம்மா உதட்டை அசைத்துத் தண்ணீர் கேட்டாள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அம்மாமேல் அம்மனே வந்திருக்கிறாள்!

ஊற்றிய தண்ணீர் அம்மாவும் அத்தையும் நின்ற இடத்திலிருந்து வழிந்து வந்தது. மஞ்சளாக அல்ல, சிவப்பாக.

"அய்யோ, ஆருக்கோ ஆகிப்போச்சு!" என்றது ஒரு பெண் குரல். தப்பட்டை நின்றுவிட்டது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். பிறகு கோபுரத்தைப் பார்த்தார். அத்தை மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கீழே வைக்கக் கூடாத மாவிளக்குத் தட்டைத் தரையில் வைத்தாள். அம்மாவை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "எனக்குத்தானுங்க. பார்க்காம வந்துபோட்டேன். இவளுக்கு மயக்கமுங்க, சித்த வழி விடுங்க" என்றாள்.

கூட்டம் விலகியது. அத்தை என்னைத் தாண்டிப் போகையில் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

வாடகைக் காரில் அம்மாவைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். இரத்தம் ஏற்றிச் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கோயிலைக் கழுவி மறுபடி பூசை செய்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்ததும் அத்தையின் கணக்கில் சேர்ந்தது. அப்பா அக்காவோடு பேச்சை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில், "உங்கத்தைதான?" என்று கேட்டவளிடம், எங்களுக்கு அவர்களோடு அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை என்று சொன்னேன்.

மருந்தியல் படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் இந்த மாத்திரையின் பாடம் வந்தது. ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருப்பவளுக்கு அநேகமாக விலக்கு வராது. நடுவில் நிறுத்தியவளுக்கு இரண்டு மூன்று நாளில் உதிரம் திரும்பும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த மருந்துக்குப் போய்விட்டார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை நான் பதினோரு வயதில் மனப்பாடமாகச் சொன்னவள்.

கோயிலில் அது நடந்த அடுத்த வருடமும் அத்தை நோம்பிக்கு வந்தாள், அதற்கடுத்த வருடமும் வந்தாள். கோயிலுக்குள் வரமாட்டாள். வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நிற்பாள். அம்மாவும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்வாள். எனக்கு மானம் போகும். கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "உனக்கென்னம்மா, நீ உள்ள வா" என்று கூப்பிடுவேன்.

"நீ போய்க் கும்பிட்டுட்டு வா கண்ணு. நாங்க இங்கயே நின்னுக்கறோம்" என்பாள் அம்மா. அவள் கை அத்தையின் கைக்குள் இருக்கும். தீட்டுப்பட்டவளிடம்கூட என் அம்மாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போவேன்.