துரைப் பேய்க்கு வைத்த முட்டை

நான் பழம்பொருள் வைக்கும் நூதனசாலையில் கிளாக்கராகச் சேர்ந்த முதல் வாரமே, அங்கே ஒரு துரைப் பேய் குடியிருப்பதாகச் சொன்னார்கள். கட்டிடம் முன்பு அரசாங்கக் கச்சேரியாக இருந்ததாம். நாற்காலியிலேயே செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் பின்னறையை விட்டுப் போகவில்லையாம். உயிரோடு இருந்த துரைமாருக்குப் போட்ட கும்பிடு போதாதென்று செத்தவருக்கும் போட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

படையல் வேறு. ஓர் அவித்த முட்டை, ஒரு சுருட்டு. முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் பேச்சாம். தலைமைக் கிளாக்கரோ விரதகாரர். வெள்ளியில் முட்டை இருக்கும் பக்கமே போகமாட்டார். ஆகவே பேய்க்கு வியாழனை ஒதுக்கினார்கள். மத்தியானம் வைத்துக் கதவைச் சாத்தினால் மாலையில் முட்டை இராது. சுருட்டு மட்டும் அப்படியே கிடக்கும்.

"எங்கடை சுருட்டு துரைக்குக் காரம்," என்றார் தலைமைக் கிளாக்கர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாற வியாழன் உந்தப் பேயைக் குடுமியிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன். இல்லாட்டி என்ரை மீசையை எடுக்கிறன்," என்று எல்லோர் முன்னும் சொன்னேன்.

அந்த வியாழன் உச்சிப்பொழுதில் பின்னறை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அரை மணி நேரம் தூசி தின்றபின் முற்றத்துக் கதவு திறந்தது. வந்தவள் எங்கள் கந்தோர் கூட்டுகிற மனுசி. தினமும் அந்தக் கதவால் வந்து போகிறவள்தான். அவளை ஓர் ஆளாக யாருமே எண்ணவில்லை, மகா கெட்டிக்காரனான நான் உட்பட. முட்டையை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"என்னணை உது?" என்று வெளியே வந்தேன்.

"ஐயா, மகள் பிள்ளைபெத்து எலும்பாய்க் கிடக்கிறாள். அவளுக்குத்தான். சொல்லிப்போடாதேங்கோ ஐயா, வேலை போயிடும்." கைகூப்பினாள்.

"சுறுக்காப் போணை," என்றேன்.

முன்பக்கம் எல்லோரும் காத்து நின்றார்கள். தலைமைக் கிளாக்கர் கையில் விபூதி.

"என்ன தம்பி, பேயைப் பிடிச்சாச்சோ?"

"இருக்குத்தான் ஐயா. ஒரு முட்டை காணாதாம். இரண்டு வைக்கட்டாம்."

"நான் அண்டைக்கே சொன்னனான்!" என்று நெற்றி நிறைய விபூதியை அப்பினார். அவர் முகத்துப் பெருமையைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளியில் சவரம் ஆகாதென்று, பெரிய மனசு பண்ணி, மீசைக்குச் சனிக்கிழமை வரை தவணையும் தந்தார்.

அடுத்த வியாழன் இரண்டு முட்டை வைத்தார்கள். மீசையில்லாமல் நின்று பார்த்தேன்.