கை நனைக்காமல் போனவர்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தபோது என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. இரண்டு தடவை நோட்டு வாங்கி, நாலு பக்கம் எழுதி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகாதே என்று தம்பி சொன்னான். வேதத்தோடு குடும்பக் கதையைக் கலக்காதீர்கள் என்று போதகர் சொன்னார். எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்து எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. ஜெபம் பண்ணிப் பார்த்தேன். எழுதாதே என்று கர்த்தர் எனக்குச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டேன்.

இப்போது எழுதி முடிக்கக் காரணம் இருக்கிறது. போன வருடம் எங்கள் சபையில் பெண்கள் கூடுகை நடந்தது. செய்தி கொடுத்த அம்மா அடக்கத்தைப் பற்றிப் பேசினார். கல்கத்தாவில் ஒரு நர்ஸ் இருந்தாளாம். தேவன் அனுப்பிய சம்பந்தத்தை வாய்த்துடுக்கால் கெடுத்தாளாம். பெண் கேட்டு வந்த பெரியவர் மனம் நொந்து, கை நனைக்காமல் எழுந்து போனாராம். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நர்ஸ் என் அத்தை. அந்த வீட்டில் அன்றைக்கு நான் இருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பவானிபூரில் ஒரு சந்துக்குள், கீழ்த்தளத்தில் இரண்டு அறை. மாடியில் வீட்டுக்கார வங்காளி அம்மா, மாஷிமா என்று கூப்பிடுவோம். அப்பா ஒரு சணல் கம்பெனி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். அத்தை அப்பாவின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயது இருபத்தெட்டு. அந்த வயதைச் சபையில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், வியாதியின் பெயரைச் சொல்லுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஒருநாள் திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் கடிதம் போட்டார். அங்கே தோட்டம் துரவோடு இருக்கும் நம்ம ஜனத்து முதலாளி ஒருவர் மகனுக்குப் பெண் தேடுகிறார். தானே வரவில்லை. தன் வீட்டில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் பெரியவரை அனுப்புகிறார். மாப்பிள்ளையின் போட்டோ ஒன்றும் கடிதத்தோடு இருந்தது. கடைசியில் நாலு வரி: அந்தப் பெரியவர் ஜெபக்கூட்டத்தில் எழுந்து ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறார். கல்கத்தாவில் தன்னை யாரும் ஸ்டேஷனுக்கு வந்து அழைக்கக்கூடாது. தானே விலாசம் விசாரித்து வருவார். தண்ணீர் கேட்கும்போது, தனக்கும் கொடுத்து, தன்னைக் கூட்டிவந்தவனுக்கும் எந்தப் பெண் கொடுக்கிறாளோ அவளே தேவன் குறித்த பெண்.

அப்பா கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். அன்று குடும்ப ஜெபத்தில் அந்தக் கதையைத்தான் வாசித்தார். ஆபிரகாம் தன் மகனுக்குப் பெண் கொள்ள ஊழியக்காரனைத் தூரதேசத்துக்கு அனுப்புகிறான். கானானியர் பெண் வேண்டாம், என் இனத்தாரிடம் போ என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். பெண்ணுக்கு வர மனதில்லை என்றால் அந்தச் சத்தியம் உன்னைக் கட்டாது என்றும் சொல்கிறான். ஊழியக்காரன் துரவண்டையில் ஒட்டகங்களை மடக்கி நிறுத்திவிட்டு ஜெபிக்கிறான். எனக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்க்கிற பெண்ணே அவள் என்கிறான். ஜெபம் முடிவதற்குள் ரெபெக்காள் குடத்தோடு வந்து நிற்கிறாள்.

வாசித்து முடித்து அப்பா கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் சந்து முனையில் ஒரு டியூப்வெல் இருந்தது. அவர் கண் ஜன்னல் வழியாக அங்கே போனது. போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மறுநாளே ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், என் அப்பா பொய் சொல்லாத மனுஷர், ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அவர்தான் அத்தையிடம் புதுச் செம்பையும் டம்ளரையும் கொடுத்து, எப்படி நிற்கவேண்டும், எந்தக் கையால் பம்ப் அடிக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னார். ஒட்டகத்துக்குப் பதில் யார் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

"டாக்சியில வந்தாருன்னா?" என்றாள் அம்மா. "வண்டிக்கும் தண்ணி ஊத்தணுமா?"

"டிரைவருக்குக் குடுத்தாப் போதும்," என்றார் அப்பா, கொஞ்சம் யோசித்துத்தான்.

அத்தை அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அண்ணே, ரெபெக்காளுக்கு யாரு கடிதாசி போட்டா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"இப்படி ஒருத்தன் வாரான், இப்படித் தண்ணி கேப்பான்னு முன்னக்கூட்டியே அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சு குடுத்தா அது எப்படி அடையாளமாகும்?"

"கர்த்தர் நமக்கு வழியைத் தெரியப்படுத்தியிருக்காரு. அதை வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியா?"

"கர்த்தர் தெரியப்படுத்தலை. உங்க அண்ணன் தெரியப்படுத்தியிருக்காரு."

அம்மா நடுவில் புகுந்து, "உனக்கு இதுல என்ன கஷ்டம்? ஒரு டம்ளர் தண்ணி," என்றாள்.

"மைனி, வார்டுல தெனமும் நாப்பது பேருக்குத் தண்ணி குடுக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்து அடையாளம்னு சொல்லலை." அத்தை துண்டால் காலைத் துடைத்தாள். "சரி, நிக்கேன். தண்ணி குடுக்கேன். பொய் மட்டும் சொல்லமாட்டேன்."

அப்பா பாதியைத்தான் கேட்டார் போலிருக்கிறது, ஸ்தோத்திரம் என்றார்.

அவர் வருவதாகக் கடிதத்தில் இருந்த சனிக்கிழமை வந்தது. பாதாள ரயிலுக்காகப் பெரிய ரோட்டைப் பிளந்துபோட்டிருந்த காலம். டாக்சி எங்கள் பக்கம் வர வழியில்லை. பெரியவர் கை ரிக்‌ஷாவில்தான் வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை வேட்டி, மடியில் ஒரு துணிப்பை, கையில் குடை. இழுத்துவந்தவன் பீகார்க்காரன், வியர்வை சொட்டச் சொட்டக் கைப்பிடியைக் கீழே வைத்தான். அத்தை டியூப்வெல்லண்டை நின்றாள். அம்மா எடுத்துவைத்த பட்டுப்புடவையைக் கட்டவில்லை, டூட்டியிலிருந்து வந்த வெள்ளைப் புடவையோடே நின்றாள். நான் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். அப்பா ஜன்னல் கம்பிக்குப் பின்னால்.

பெரியவர் இறங்கி வந்தார். "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரியா?"

அத்தை பம்ப் அடித்தாள். முதல் செம்பை அவருக்குக் கொடுக்கவில்லை. ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டு அவன் கையில் ஊற்றினாள். அவன் குடித்து, முகத்தில் அடித்துக்கொண்டு, இன்னும் கேட்டான். ஊற்றினாள். மாடி வராந்தாவிலிருந்து மாஷிமா, வயசானவர் நிற்கிறாரே, அவருக்குக் கொடேன் என்று வங்காளியில் சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் டம்ளரை நிரப்பிப் பெரியவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இது நீங்க கேட்ட அடையாளம் இல்லை. நீங்க ஜெபம் பண்ணினது எங்களுக்குக் கடிதாசியில வந்துட்டு. மூணு நாளா வீட்டுல இதைப் பழகிட்டிருக்கோம். இந்த ஆளு வெயில்ல இழுத்துட்டு வந்தான், தாகம், அதனால குடுத்தேன். நீங்க பொண்ணு கேட்டு வராட்டியும் குடுத்திருப்பேன்."

ஜன்னலுக்குப் பின்னால் அப்பாவின் முகம் இல்லை. பெரியவர் டம்ளரைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "நல்ல தண்ணி," என்றார்.

வீட்டுக்குள் அப்பா, பிள்ளை வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று பலதடவை சொன்னார். அம்மா தட்டு வைத்தாள். வங்காளிகள் கொண்டாடும் இல்ஷா மீனைப் புளியும் தேங்காயும் அரைத்துவிட்டு எங்கள் ஊர்க் குழம்பாக வைத்திருந்தாள். மாஷிமாவைக் கேட்டால் அந்த மீனுக்குச் செய்த பாவம் என்பார். பெண் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்று சொல்வார்கள். சம்பந்தம் வேண்டாம் என்றால் கை நனைக்கமாட்டார்கள். அதனால் அவர் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. அப்பா நீளமாக ஜெபித்தார். பெரியவரின் ஆமென் எல்லாருக்கும் பிந்தி வந்தது.

அத்தை கதவில் சாய்ந்து நின்றாள். "பெரியவரே, ஒண்ணு கேக்கேன். மாப்பிள்ளைக்கு நீங்க வந்தது தெரியுமா?"

"தெரியும் தாயி."

"அவருக்குச் சம்மதமா?"

பெரியவர் தட்டைப் பார்த்தார்.

"அப்பா சொன்னா மகனுக்குச் சம்மதந்தானே," என்றார் அப்பா.

"அண்ணே, நான் உங்ககிட்ட கேக்கலை."

"பொண்ணைக் கூட்டிட்டு வரணும்னு முதலாளி எங்கிட்டச் சத்தியம் வாங்கி அனுப்பியிருக்காவ," என்றார் பெரியவர் மெதுவாக. "அவிய சோத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு இது. வேற ஒண்ணும் எங்கிட்டக் கேக்காத தாயி."

சொல்லிவிட்டு, சோற்றில் வைக்கப் போன கையை எடுத்தார். தட்டை விரல் நுனியால் ஒரு சாண் நகர்த்தினார். இரண்டு ராத்திரி ரயிலில் வந்த மனுஷர்.

"என்னங்க, குழம்புல ஏதாவது..." என்றாள் அம்மா.

"குழம்பு நல்லாத்தான் இருக்கும்மா, வாசம் வருதே. எனக்குத்தான் இறங்காது." பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "தாயி, ரெபெக்காளை அனுப்பும்போது அவ வாயிலேயே கேட்டாவ, இந்த மனுஷனோட போறியான்னு. நானும் கேக்கேன். நீ வாரியா?"

அத்தை தட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "வரமாட்டேன்," என்றாள்.

"சரி. பொண்ணு வரமாட்டேன்னு சொல்லிட்டா. இனி என் சத்தியம் என் தலைமேல இல்லை." எழுந்தார். அத்தையின் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிக்‌ஷாக்காரன் வாசலிலேயே காத்திருந்தான்.

அப்பா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை. என் வீட்டில் கை நனைக்காமல் போனானே என்பதுதான் அவருக்கு. உன் வாய்க்குப் பயந்து ஓடினான் என்று சபையில் ஒரு மூப்பர் அத்தையின் முகத்துக்கு நேராகவே சொன்னார். குடும்ப ஜெபத்தில் அப்பா, கர்த்தாவே இந்த வீட்டிலுள்ள பெருமையை உடைத்துப்போடும் என்று அவள் பக்கம் திரும்பிக்கொண்டே வேண்டுவார். ஆமென் என்று முதலில் சொல்வது அத்தைதான், எல்லாரையும்விடச் சத்தமாக. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நல்ல மனுஷர் ஒருவரைப் பசியோடு அனுப்பிவிட்டாளே என்று உள்ளுக்குள் கோபமும் இருந்தது.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்து சில வருடம் கழித்து, பக்கத்து ஊர்ச் சபைக் கோயிலில் அசன விருந்து நடந்தது. பந்தியில் எனக்குச் சோறு போட்ட பெண்ணோடு பேச்சு வளர்ந்தது. எந்த வீடு என்று கேட்டேன். அந்த முதலாளி வீட்டு மருமகள். மலைத் தோட்டத்தில் இலை பறித்தவர்களின் மகள். முதலாளி மகன் அவளை அங்கேயே ஒரு கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்திருக்கிறான். பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் அவள் மூத்த பிள்ளை நடக்கப் பழகியிருந்தது. நம்ம ஜனம் இல்லை என்று மாமனார் அவளை வீட்டில் ஏற்றவில்லை. விஷயம் வெளியே கசியாமல், விசாரிக்க ஆளில்லாத தூரத்திலிருந்து வேறு பெண் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். அதை எங்கேயும் சொல்லக்கூடாது என்பதும் பெரியவர் செய்த சத்தியத்தில் சேர்த்தி.

"கல்கத்தாவுக்குப் போய்ட்டு வந்து, பொண்ணு வரமாட்டேன்னுட்டான்னு மட்டும் சொன்னாவளாம் பெரியவர்," என்றாள் அவள். "அதுக்கப்புறம் மாமா வேற எங்கயும் ஆள் அனுப்பலை. ரெண்டு வருஷம் கழிச்சு எங்களைக் கூப்பிட்டுட்டாவ."

அன்று ராத்திரி வேதப்புத்தகத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை வாசித்த பகுதி. ஊழியக்காரனுக்கு முன்னால் சாப்பாடு வைக்கிறார்கள். வந்த காரியத்தைச் சொல்லுகிறதற்கு முன்னே சாப்பிடமாட்டேன் என்கிறான். சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறான். எங்கள் வீட்டுக்கு வந்தவரால் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் சாப்பிடவில்லை. எஜமானுக்குக் கொடுத்த வார்த்தையை மீறாமல், என் அத்தையையும் ஏமாற்றாமல், அந்தத் தட்டை ஒரு சாண் நகர்த்தினார். அந்த அறையில் வேதம் வாசிக்கிறவர்கள் எல்லாரும் இருந்தோம். அது விளங்கியது அத்தைக்கு மட்டும்தான்.

அத்தை பிறகு கல்யாணம் பண்ணினாளா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். இது அதைப் பற்றியது இல்லை.

இதை வாசிக்கிற சகோதரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், கூடுகைகளிலும் சொல்லுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அவர் தட்டை நகர்த்தினார். அதன் பிறகு கேட்டார். அதன் பிறகுதான் அத்தை மாட்டேன் என்றாள். முன்பின்னாக மாற்றினால் அவளும் கெட்டவளாகிறாள், அவரும் கோபக்காரராகிறார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது என்றும் யாரும் சேர்க்கவேண்டாம். விளங்கவில்லை. ரிக்‌ஷா மணிச்சத்தம் சந்து முனையைத் தாண்டுவதற்குள், அவர் தொடாத தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை, நடுமுள்ளுத் துண்டு, எனக்கு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி நான்தான் தின்றேன். ருசியாக இருந்தது. அதையும் விடாமல் சொல்லுங்கள்.